எல்.எல்.ஆர். கையில் இருக்கும் ஆறு மாதம்

பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்து எல்.எல்.ஆர். வந்ததுமே வீட்டில் எல்லோரும் கேட்பது, ‘டெஸ்ட் எப்போ?’ என்றுதான். 30 நாள் கழிந்தால் டெஸ்டுக்குப் போகலாம். ஆனால் எல்.எல்.ஆர். 6 மாதம் வரை செல்லும். அந்த 6 மாதத்தையும் பழகுவதற்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரைவிங் ஸ்கூல் போதாதா? அந்தக் காரில் மாஸ்டரின் காலடியிலும் கிளச், பிரேக் உண்டு. பிள்ளை தடுமாறும்போதெல்லாம் அவர் கால் வேலை செய்துவிடும். தானே நிறுத்தியதாகப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். வீட்டுக் காரில் பக்கத்தில் இருப்பவர் கைக்கு எட்டுவது ஹேண்ட்பிரேக் ஒன்றுதான். ஆகவே முதலில் ஞாயிறு காலையில், ஆளில்லாத லேஅவுட் ரோடு. நிறுத்துவது கைவந்த பிறகுதான் கடைத்தெரு.

லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருப்பதும், முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு ‘எல்’ இருப்பதும் கட்டாயம். இவை இல்லாமல் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதும் சிக்கலாகும்.

பதினெட்டுக்கு முன்பே சாவியைக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. 16 வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத வண்டியை. டியூஷனுக்கு ஓட்டிப்போகும் 110 சிசி ஸ்கூட்டர் அதில் சேராது. 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்கு உட்பட்டவர்கள் டெஸ்டுக்கு முன் 120 மணி நேரம் துணையோடு ஓட்டியிருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில். வீட்டில் பழகுவதற்கு நம் சட்டத்தில் அப்படி மணிக்கணக்கு இல்லை. நாமே ஒரு நோட்டுப் போட்டு எழுதிவரலாம்: பகல், இரவு, மழை, பைபாஸ். ஆர்.டி.ஓ. மைதானத்து டெஸ்டில் இரவும் மழையும் வராது. எதிர்வண்டி ஹைபீம் கண்ணைக் கூசச் செய்தால் வேகத்தைக் குறைத்து, ரோட்டின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டும். இதை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே பழகிவிடட்டும்.

புதிதாக ஓட்டுபவரின் கண் பானெட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். அதைத் தூரத்துக்குக் கொண்டுபோக நல்ல வழி, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது. ‘முன்னாடி டவுன் பஸ் நிக்குதுப்பா, அதுக்கு முன்னாடி யாராவது குறுக்கே வரலாம்’ என்று பிள்ளை தானாகச் சொல்ல ஆரம்பித்தால் படிப்பு ஏறுகிறது என்று அர்த்தம். நீங்களும் திருப்பத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். கடைசி நொடியில் ‘லெஃப்ட், லெஃப்ட்!’ என்று கத்தினால் கண்ணாடியைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைத்தான் ஒடிப்பான். திட்டுவதாக இருந்தால் வண்டியை ஓரங்கட்டிய பிறகு திட்டுங்கள்.

துணையோடு ஓட்டும் காலத்தில் விபத்து குறைவு. ஆபத்து அதிகம் லைசென்ஸ் வந்து தனியே ஓட்டும் முதல் சில மாதங்களில்தான். வண்டி நிறைய நண்பர்கள் ஏறினால் இன்னும் கூடும். அதனால் அந்த மாதங்களில் தெரிந்த ரூட், பகல் நேரம் என்று ஆரம்பிக்கட்டும். நண்பர்களோடு இரவில் ஈ.சி.ஆர். போவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.