காட்டோரத்து வாழ்வு: தும்பர மலைகள் கற்றுத்தரும் பாடம்

மண்சரிவில் வீடிழந்து, காட்டோரமான புதிய இடமொன்றில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் கூட்டத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். பேச்சு முடியும் தறுவாயில் ஒரு தாய் எழுந்து கேட்டார்: "சாமி, இந்தக் காடு எங்களுக்கு என்ன முறை? நாங்கள் விறகு பொறுக்கப் போனால் குற்றம். காட்டுப் பன்றி எங்கள் மரவள்ளியைத் தின்ன வந்தால் மட்டும் குற்றமில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகும் கேள்வியல்ல. இடம்பெயர்ந்த குடும்பங்களில் பலருக்குக் கிடைப்பது காட்டை ஒட்டிய சரிவு நிலம்தான். ஆகவே, காட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் என்ன உறவு இருந்தது, அது எப்படி அறுந்தது, அதை மீண்டும் எப்படிக் கட்டலாம் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். இதற்குக் கண்டிக்கு அருகிலேயே நல்லதோர் உதாரணம் உண்டு.

மூடிய கை போன்ற மலைகள்

வானம் தெளிவாக உள்ள நாட்களில் கண்டியிலிருந்து கிழக்கு, வடகிழக்குப் பக்கமாகப் பார்த்தால் ஒரு மலைத்தொடர் தெரியும். மூடிய கையின் விரல் முட்டுகளைப் போன்றிருப்பதால் ஆங்கிலேயர் அதற்கு 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்டனர். சிங்கள மக்கள் அதைத் தும்பர மலைத்தொடர் என்பர். அதன் உயர்ந்த சிகரமான கொம்பனிய 1,900 மீற்றருக்கும் மேற்பட்டது. இம்மலைகள் கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்துள்ளன. ஹுலு கங்கை, ஹீன் கங்கை, களு கங்கை, தெல்கமு ஓயா ஆகியவை இங்கே பிறக்கின்றன. இந்நீர் எல்லாம் கடைசியில் மகாவலியைச் சேர்கிறது.

காட்டின் உள்ளும் ஓரத்திலும் மீமுரே, கைகாவல, ரணமுரே, இலுக்கும்புர போன்ற பழைய கிராமங்கள் உள்ளன. ஹுன்னஸ்கிரியவிலிருந்து லூல்வத்தை வழியாகக் கோபெட்ஸ் கணவாயைத் தாண்டி இறங்கினால் மீமுரே வரும். இக்கிராமத்தவர் பல தலைமுறைகளாகக் காட்டோடு வாழ்ந்தவர்கள். காட்டை அழித்திருந்தால் அவர்களுடைய வயலுக்குத் தண்ணீர் கிடைத்திருக்காது.

ஒரு கிராமம், நான்கு நிலங்கள்

பழைய கண்டிக் கிராமத்தில் ஒரு குடும்பத்தின் வாழ்வு நான்கு வகை நிலங்களில் தங்கியிருந்தது. பள்ளத்தில் நெல் வயல். வயலுக்கு மேலே வீடும் வீட்டுத் தோட்டமும். அதற்கு மேலே குரக்கன், சோளம், பயறு விளையும் சேனை. எல்லாவற்றுக்கும் மேலே காடு.

வயல் சோறு தந்தது. தோட்டம் பலாவும் பாக்கும் தந்தது. மழை பொய்த்து நெல் தவறிய வருடத்தில் சேனை கைகொடுத்தது. காடு விறகும், மூலிகையும், பிரம்பும், தேனும், கித்துள் பாணியும் தந்தது. எல்லாவற்றிலும் மேலாக, வயலுக்கு வேண்டிய நீரைத் தந்தது. நான்கும் சேர்ந்ததே ஒரு பிழைப்பு. இதில் ஒன்றைப் பறித்தால் மற்ற மூன்றின் மீதும் பாரம் கூடும்.

அவ்வாறு பறித்த சட்டம் 1840ஆம் ஆண்டில் வந்தது. காடும், தரிசும், பயிரிடப்படாத நிலமும் மறுப்புக்குச் சான்று இல்லாவிட்டால் முடிக்குரியவை என்று அந்த ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூறியது. கண்டிப் பகுதிகளில் சேனை நிலத்துக்கும் உரிமைப் பத்திரம் கேட்கப்பட்டது. பாட்டன் காலத்திலிருந்து பயிர் செய்தவனிடம் பத்திரம் ஏது? அவ்வாறு முடிக்குரியதான நிலம் கோப்பித் தோட்டங்களுக்காக விற்கப்பட்டது. 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே தேயிலையைத் தொடங்கியிருந்தார்.

அந்தக் காட்டை வெட்டிய கைகளுள் தமிழ்நாட்டிலிருந்து வந்த எமது முன்னோரின் கைகளும் இருந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. சிங்கள விவசாயி காட்டை இழந்தான். தமிழ்த் தொழிலாளி காட்டை வெட்டியும் ஒரு முழ நிலம் பெறவில்லை. இரண்டையும் தீர்மானித்தவர்கள் வேறு. பக்கத்துக் கிராமத்தாரோடு வாக்குவாதம் எழும்போது இந்த வரலாறு இரு பக்கத்தாருக்கும் நினைவிலிருப்பது நல்லது.

இங்கிலாந்திலும் இதே கதை

எம்மை ஆண்டவர்களின் சொந்த நாட்டிலும் இவ்வாறே நடந்தது. அங்கு 1217ஆம் ஆண்டில் அரசனின் பெயரால் காட்டுச் சாசனம் ஒன்று வழங்கப்பட்டது. காட்டில் மாடு மேய்க்கவும், விறகெடுக்கவும் சுதந்திரக் குடிகளுக்கு உரிமையுண்டு என்று அது ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில், முக்கியமாக 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில், ஆயிரக்கணக்கான பாராளுமன்றச் சட்டங்கள் மூலம் பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியாருக்குப் போயின. ஏழைக் குடியானவன் கூலியாளானான்.

ஆயினும் அந்நாட்டுக் கிராமங்களிடமிருந்து நாம் படிக்க ஒன்றுண்டு. அவர்கள் விறகுக்காக மரத்தை வேரோடு அழிக்கவில்லை. அடிமரத்தை விட்டு மேலே வெட்டினார்கள். அடியிலிருந்து புதிய தளிர்கள் கிளம்பின. காட்டைப் பல கூறுகளாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு கூறு என்று வெட்டினார்கள். ஏழெட்டு வருடத்தில் கடைசிக் கூறு முடியும்போது முதற்கூறு மீண்டும் வளர்ந்திருக்கும். இவ்விதம் ஒரே காடு பல நூற்றாண்டுகள் விறகும் வேலித்தடியும் தந்தது. தென் இங்கிலாந்தின் 'நியூ பொரெஸ்ட்' என்ற காட்டில் இன்றும் சுற்றுவட்டாரத்தார் பழைய உரிமைப்படி மாடுகளையும் மட்டக் குதிரைகளையும் மேய விடுகிறார்கள். உரிமையும் ஒழுங்கும் சேர்ந்திருந்ததால்தான் காடும் நிலைத்தது.

ஏலக்காய் கற்பித்தது

தும்பரவில் ஒழுங்கில்லாத பயன்பாடு என்ன செய்தது என்பதற்கு ஏலக்காய் சாட்சி. ஏலத்துக்கு நிழல் வேண்டும். ஆகவே பெரிய மரங்களை விட்டுவிட்டு, அடியிலிருந்த செடிகொடிகளை வெட்டி ஏலம் நட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காடு அப்படியே இருந்தது. ஆனால் வெட்டப்பட்ட செடிகளுள் அடுத்த தலைமுறை மரக்கன்றுகளும் இருந்தன. கிழ மரம் விழுந்தபோது இடத்தை நிரப்பக் குமரி மரம் இல்லை. காயை உலர்த்தவும் அதே காட்டின் விறகே எரிந்தது.

1980களில் அரசு இதைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் இப்பகுதி பேணற் காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. காட்டுக்கு இது நல்லதே. ஆனால் ஏலக்காய்க் கூலியை நம்பியிருந்த ஏழைகளுக்கு அந்த வருமானம் நின்றது. காட்டைக் காப்பவர்கள் காட்டோரத்து அடுப்பையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அடுப்புக்கு வேறு வழி இல்லாதவரை, எந்தச் சட்டமும் இரவில் கத்தியோடு போகிறவனைத் தடுக்காது.

காடு தண்ணீரை எப்படி வைத்திருக்கிறது?

மழைத்துளி நேராக மண்ணில் அடித்தால் மண் கரைந்து ஓடும். காட்டில் அது முதலில் இலையில் விழுகிறது. பின்பு சருகில் சொட்டுகிறது. வேர்களும் மண்புழுக்களும் திறந்து வைத்த துவாரங்கள் வழியாக நிலத்துள் இறங்குகிறது. அந்த நீரே வாரங்கள் கழித்துக் கீழே ஊற்றாக வெளிவருகிறது. உயர்ந்த சிகரங்களில் மழையில்லாத நாளிலும் மூடுபனி இலைகளில் படிந்து சொட்டும்.

வேர்கள் மேல் மண்ணைப் பிடித்தும் வைக்கின்றன. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: அளவுக்கு மிஞ்சிய மழையில் காடுள்ள சரிவும் சரியலாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் கண்டி மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்ததை மறக்கமாட்டோம். மரம் ஆபத்தைக் குறைக்கும்; முற்றாக நீக்காது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஊற்றைக் காப்போம். ஊற்றின் மேற்புறத்துச் செடிகொடிகளை வெட்டாது விடுங்கள். அதற்கு மேலே மலசலகூடமோ மாட்டுப்பட்டியோ வேண்டாம். பூச்சி மருந்தும் அடிக்க வேண்டாம்.

இரண்டாவது, வேலியே விறகுக் காடாகட்டும். கிளிரிசிடியாத் தடியை வேலியிலும், சரிவுக்குக் குறுக்கே வரிசைகளாகவும் நடலாம். இங்கிலாந்துக் கிராமத்தார் செய்ததுபோல் மாறி மாறி வெட்டுங்கள். தழை மண்ணுக்கு உரமும் ஆட்டுக்குத் தீனியும், தடி அடுப்புக்கு, நிற்கும் மரம் மிளகுக்குப் பந்தம். குறுக்கு வரிசைகள் மண்ணையும் மறித்து வைக்கும்.

மூன்றாவது, தோட்டத்தைச் சிறு காடாக்குவோம். கண்டி வீட்டுத் தோட்டம் உலகறிந்தது. மேலே பலா, ஈரப்பலா, கித்துள். நடுவே கமுகு, சாதிக்காய், கராம்பு. கீழே கோப்பி, வாழை. நிலத்தில் இஞ்சி, கிழங்கு. பலா காய்க்க வருடங்கள் செல்லும் என்பதால், வந்த முதல் மழைக்கே அதை நட்டுவிடுங்கள். பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றி வெட்டுவதை 1951ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

நான்காவது, எல்லையை அறிவோம். ஒரு கத்தி வெட்டு விழுமுன் கிராம உத்தியோகத்தரிடமும் வனத் திணைக்களத்திடமும் எல்லையைக் கேட்டறியுங்கள். ஒருவர் தனியே போனால் விரட்டப்படலாம். சங்கமாக, எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும். உங்கள் நிலப் பத்திரத்தையும் அதே விதமாகக் கேளுங்கள். நாளைக்கும் தனக்கென்று உறுதியான நிலத்தில்தான் மனிதன் மரம் நடுவான்.

ஐந்தாவது, சரிவைக் கவனிப்போம். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று, புதிதாகக் கசியும் நீர் ஆகியவை மண் நகர்வதன் அடையாளங்கள். கடும் மழையில் இவற்றைக் கண்டால் பொருட்களை எண்ணாமல் பிள்ளைகளோடு வெளியேறி, அதிகாரிகளுக்கு அறிவியுங்கள்.

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். காடு எமக்கு என்ன முறை? எமது கிணற்றுக்கும் வயலுக்கும் தண்ணீர் அனுப்பும் மேல்வீட்டுக்காரர் என்று அன்று பதில் சொன்னேன். "அப்படியானால் மேல்வீட்டுக்காரரிடம் பன்றியைக் கட்டி வைக்கச் சொல்லுங்கள் சாமி" என்றார் அவர். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதையும் சங்கமாகவே கேட்க வேண்டும்.

கூட்டங்களில் கலந்துரையாட:
1. எமது ஊற்று எங்கே தொடங்குகிறது? அதன் மேற்புறம் யாருடைய பொறுப்பில் உள்ளது?
2. எமது வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு எவ்வளவு விறகு வேண்டும்? அதில் எவ்வளவை எமது வேலியிலிருந்து பெறலாம்?
3. பக்கத்துக் கிராமத்தாரோடு சேர்ந்து செய்யக்கூடிய ஒரு வேலை எது?