90 மனை, 3 ஏக்கர்: அட்வான்ஸ் கட்டும் முன் இந்த 5 நிமிடக் கணக்கைப் போடுங்க!



போன மாசம் ஐ.டி.யில் வேலை பார்க்கிற ஒரு தம்பி என் ஆபீஸுக்கு வந்தார். கையில் கலர் கலரா ஒரு லேஅவுட் படம். 3 ஏக்கர் நிலம், 90 மனை, ஒவ்வொன்றும் 1,200 சதுர அடி, விலை 18 லட்சம். "ப்ரீ-லான்ச் ஆஃபர் சார். ஞாயிற்றுக்கிழமைக்குள் 5 லட்சம் கட்டணும். பர்சனல் லோன் போடலாமா?"

லோன் அப்புறம். முதல்ல படத்தைப் பார்ப்போம்னு சொன்னேன்.

அது வெறும் கான்செப்ட் பிளான்

ஒரு நிலத்தை மனையாகப் பிரிக்கும் முன் போடுற முதல் வரைபடம்தான் கான்செப்ட் பிளான். ஒழுங்கா போடுறவங்க பட்டா, எஃப்.எம்.பி. ஸ்கெட்ச், அணுகு சாலையின் அகலம், குறுக்கே வாய்க்கால் போகுதா, மேலே மின்கம்பி போகுதா என எல்லாம் பார்த்துட்டுத்தான் கோடு போடுவாங்க. அப்படிப் போட்டாலும் அது அப்ரூவல் இல்லை. டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. ஒப்புதலின்போது சாலை மாறலாம், பார்க் இடம் மாறலாம். நீங்க விரல் வெச்ச மனையே காணாமலும் போகலாம்!

இப்போ கணக்கு

3 ஏக்கர் = 1,30,680 சதுர அடி. சாலைக்கு 25% போகுதுன்னு வெச்சுக்கலாம். மீதி 98,010. தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேலான லேஅவுட்டில், சாலை போக மீதியில் 10% திறந்தவெளி ஒதுக்கீடாக (ஓ.எஸ்.ஆர்.) விடணும். 3 ஏக்கர்னா சுமார் 12,140 சதுர மீட்டர். அதனால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது, நிலமாகவே கொடுக்கணும். அது போக மிச்சம் 88,209 சதுர அடி, அதாவது 73 மனை.

படத்தில் 90. அந்த 90 வரணும்னா மொத்த நிலத்தில் சாலைக்கு 8% தான் கிடைக்கும். கார் எங்கே திரும்பும்?

சட்டம் உங்க பக்கம்

* 500 சதுர மீட்டருக்கு மேலான திட்டத்தை ரெரா பதிவு இல்லாமல் விளம்பரம் செய்யவோ, புக்கிங் வாங்கவோ கூடாது (பிரிவு 3). பதிவு எண் இல்லையா? ஒரு ரூபாய்கூட கொடுக்காதீங்க.
* பதிவு இருந்தாலும், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் 10%க்கு மேல் வாங்கக் கூடாது (பிரிவு 13). 18 லட்சத்துக்கு அது 1.8 லட்சம்தான், 5 லட்சம் இல்லை.
* அந்த விளம்பரப் படத்தையும் ரசீதையும் பத்திரமா வெச்சுக்கோங்க. பொய்த் தகவலை நம்பிப் பணம் கட்டியிருந்தா, வட்டியோட திரும்பக் கேட்கலாம் (பிரிவு 12).

தம்பி அங்கேயே போன் போட்டு ரெரா எண் கேட்டார். "அப்ரூவல் வந்துட்டே இருக்கு சார், ஆஃபர்தான் முடிஞ்சிடும்"னு பதில். பர்சனல் லோன் அப்ளிகேஷனை அன்னிக்கே கேன்சல் பண்ணிட்டார்.

உங்க கையிலும் இப்படி ஒரு படம் இருந்தா, மொத்தப் பரப்பையும் மனை எண்ணிக்கையையும் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோல சேர்ந்தே கணக்குப் போடுவோம்.