திரையில் தமிழ் ஏன் உடைந்தது?

மாணவர்களே, சென்ற ஆண்டு என் மாணவர்கள் நால்வர் பள்ளித் தமிழ் மொழிக் கழகத்துக்காக ஓர் இணையத்தளம் செய்தார்கள். முகப்பு, நிகழ்ச்சிகள், கட்டுரைகள் என எல்லாப் பக்கங்களிலும் தமிழ் அழகாக வந்தது. கட்டுரைப் போட்டி முடிவு வெளியான அன்று, வெற்றியாளர் பட்டியலை ஒரு சாதாரண உரைக்கோப்பாகத் தளத்தில் ஏற்றி, அதன் இணைப்பைப் பெற்றோரின் புலனக் குழுவில் அனுப்பினார்கள். சற்று நேரத்தில் ஓர் அம்மா கேட்டார்: “சார், என் மகள் பெயர் எங்கே இருக்கு? ஒன்னுமே புரியலையே!”

இணைப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில எழுத்தும், வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிகக் குறியும் மாறி மாறி வரிசை கட்டி நின்றன. ஆனால் அதே கோப்பை மாணவர்களின் கணினியில் திறந்தால் தமிழ் சரியாகவே தெரிந்தது. தளத்தின் மற்றப் பக்கங்களும் சரியாகவே இருந்தன. அப்படியென்றால் பிழை எங்கே?

பொட்டலமும் சீட்டும்

ஜார்ஜ்டவுனிலிருந்து ஜொகூரில் உள்ள அத்தைக்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறீர்கள். உள்ளே இருப்பது பலகாரம். வெளியே ஒட்டிய சீட்டில் பெயர், எடை, ‘உடையக்கூடியது’ என்ற எச்சரிக்கை எல்லாம் இருக்கும். பொட்டலத்தை எப்படிக் கையாள்வது என்பதைச் சீட்டுதான் சொல்கிறது.

இணையமும் அப்படித்தான். நீங்கள் ஒரு முகவரியைத் தட்டியதும் உங்கள் உலாவி சர்வரிடம் பக்கத்தைக் கேட்கிறது. சர்வர் அனுப்பும் பதிலில் முதலில் சில குறுகிய வரிகள் வருகின்றன. பிறகுதான் பக்கம் வருகிறது. அந்த முன்வரிகளுக்கு ஹெடர் என்று பெயர். அவை திரையில் தெரிவதில்லை. உலாவி மட்டும் படித்துக்கொள்கிறது.

தொடக்கத்தில் இந்தச் சீட்டு இல்லை. 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய எச்டிடிபியின் முதல் வடிவத்தில் சர்வர் வெறும் பக்கத்தை மட்டுமே அனுப்பியது. படம், ஒலி, பல மொழிகள் என இணையம் விரிந்தபோது, “நான் அனுப்புவது இன்னது” என்று சொல்லவேண்டிய தேவை வந்தது. 1996இல் ஆவணமாக வெளிவந்த எச்டிடிபி 1.0இல் ஹெடர்கள் இடம்பெற்றன.

‘அம்மா’ என்றால் 15 எண்கள்

ஹெடர்களில் ஒன்று கண்டென்ட்-டைப். அனுப்புவது வலைப்பக்கமா, படமா, உரையா என்பதோடு, எழுத்துகள் எந்தக் குறியீட்டு முறையில் உள்ளன என்பதையும் அது சொல்லும்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்பது 224, 174, 133 என்ற மூன்று எண்கள். ‘ம’ என்பது 224, 174, 174. புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியே மூன்று மூன்று எண்கள் உண்டு. ஆக, ‘அம்மா’ என்ற சொல் 15 எண்களாகப் பயணம் செய்கிறது.

இது யூடிஎஃப்-8 என்று ஹெடர் சொல்லாவிட்டால், உலாவி ஊகிக்கத் தொடங்கும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய அட்டவணையை அது எடுத்துக்கொண்டால், 224 என்பது தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில எழுத்து. 174 என்பது வட்டத்துக்குள் ‘ஆர்’. அந்த அம்மா பார்த்தது இதைத்தான். எண்கள் ஒன்றுகூட மாறவில்லை. படிக்கும் முறைதான் மாறிவிட்டது.

தமிழுக்கு இது புதிய தொல்லையும் அன்று. யூனிகோடு பரவலாகும் முன் டிஸ்கி, டாம், டாப் எனப் பல குறியீடுகள் இருந்தன. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் படித்தால் குழப்பம்தான். 2001இல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடு போன்ற மேடைகளில் அறிஞர்கள் கூடிப் பேசிய சிக்கல்களில் இதுவும் ஒன்று.

ஒவ்வொரு பக்கத்திலும் எழுதலாமா?

மாணவர்கள் தளத்தைச் செய்தது பிஎச்பி மொழியில். 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட மொழி அது. அதில் ஒரு ஹெடரை அனுப்ப ஒரே ஒரு வரி போதும். 12 பக்கங்கள் இருந்தால் 12 முறை எழுதவேண்டும். 13ஆவது பக்கத்தைச் சேர்க்கும் நண்பர் அதை மறந்துவிட்டால்?

எழுத்துக் குறியீட்டைப் பொறுத்தவரை நமக்குக் கொஞ்சம் உதவி உண்டு. 2014இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து பிஎச்பி தானாகவே யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுவிடுகிறது. ஆனால் பாதுகாப்புக்கான ஹெடர்களை நாம்தான் சேர்க்கவேண்டும். எடுத்துக்காட்டாக, எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ். ஒருவர் தம் போலிப் பக்கத்துக்குள் உங்கள் தளத்தைக் கண்ணுக்குத் தெரியாத சட்டமாக வைத்து, ‘பரிசு பெற இங்கே அழுத்துக’ என்று காட்டலாம். அழுத்துபவரின் விரல் உண்மையில் உங்கள் தளத்தின் ‘நீக்கு’ பொத்தானை அழுத்தும். 2008இல் இந்த ஏமாற்று வேலைக்குக் கிளிக்ஜாக்கிங் என்று பெயரிட்டார்கள். என் பக்கத்தை வேறு தளத்தின் சட்டத்துக்குள் காட்டாதே என்று உலாவிக்குச் சொல்லும் இந்த ஹெடர் 2009இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 உலாவியில் வந்தது. 12 பக்கங்களில் 11இல் இது இருந்தும் பயனில்லை. ஏமாற்றுபவருக்கு விட்டுப்போன அந்த ஒரு பக்கமே போதும்.

ஒரே கதவு

இதற்குத் தீர்வு பொட்டலக் கடையிலேயே இருக்கிறது. பொட்டலம் கட்டும் ஒவ்வொருவரும் நினைவாகச் சீட்டு ஒட்டவேண்டும் என்று எதிர்பார்ப்பதைவிட, எல்லாப் பொட்டலங்களும் வெளியேறும் வாசலில் ஒருவரை நிறுத்தி ஒட்டச் சொல்வது நல்லது.

டெய்லர் ஒட்வெல் 2011இல் வெளியிட்ட லாராவெல் போன்ற பிஎச்பி கட்டமைப்புகளில் அந்த வாசல்காரருக்கு மிடில்வேர் என்று பெயர். அவர் செய்யும் வேலை மூன்றே படிகள். வந்த கோரிக்கையை உள்ளே அனுப்புவார். உள்ளிருந்து வரும் பதிலைக் கையில் வாங்குவார். அதில் ஹெடரைச் சேர்த்து வெளியே விடுவார். இவரைத் தளம் முழுமைக்கும் பொதுவானவர் என்று ஓரிடத்தில் பதிவுசெய்தால் போதும். 2024இல் வந்த லாராவெல் 11இலிருந்து, பூட்ஸ்டிராப் கோப்புறையில் உள்ள ‘ஆப்’ என்ற கோப்பில் பதிவு செய்கிறோம். அதற்கு முந்திய பதிப்புகளில் ‘கெர்னல்’ என்ற கோப்பில். நாளை சேரும் 13ஆவது பக்கத்துக்கும், யாரும் நினைத்துப் பார்க்காத ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற 404 பக்கத்துக்கும்கூட அவரே சீட்டு ஒட்டிவிடுவார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பொதுவாக ஒட்டும் சீட்டில் பிழை இருந்தால் பிழையும் பொதுவாகிவிடும். எல்லாப் பதில்களுக்கும் ‘இது வலைப்பக்கம்’ என்று வாசலில் எழுதிவிட்டால், தளம் தயாரித்துத் தரும் பிடிஎஃப் சான்றிதழும் வலைப்பக்கம் என்ற பெயரில் போய்த் திரையில் குப்பையாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் பொருந்துவதை மட்டுமே பொதுவில் வையுங்கள்.

பக்கக் கதவு

இப்போது தொடக்கத்துக்கு வருவோம். வாசலில் ஆள் இருந்தும் வெற்றியாளர் பட்டியல் மட்டும் ஏன் உடைந்தது?

அது அந்த வாசல் வழியாகப் போகவே இல்லை! படம், உரைக்கோப்பு போன்று பொதுக் கோப்புறையில் அப்படியே கிடப்பவற்றை அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர் மென்பொருள் நேரடியாக எடுத்துக் கொடுத்துவிடும். பிஎச்பிக்கு அந்தக் கோரிக்கை வந்ததே தெரியாது. எனவே மிடில்வேரும் இல்லை, யூடிஎஃப்-8 என்ற குறிப்பும் இல்லை. வலைப்பக்கமாக இருந்தால் அதற்குள்ளேயே குறியீட்டை எழுதி வைக்கலாம். வெறும் உரைக்கோப்பில் அதற்கும் இடமில்லை.

மாணவர்கள் அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில், உரைகளுக்கு யூடிஎஃப்-8 என்று ஒரே ஒரு வரி சேர்த்தார்கள். பக்கக் கதவிலும் ஓர் ஆளை நிறுத்தியாயிற்று. பட்டியலைத் தொடவே இல்லை. அந்த அம்மாவிடம் மீண்டும் திறந்து பார்க்கச் சொன்னோம். மகளின் பெயர் மூன்றாம் இடத்தில் இருந்தது.

நீங்களும் பாருங்கள்

கணினியில் உலாவியைத் திறந்து ஏதேனும் ஒரு தமிழ்த் தளத்துக்குச் செல்லுங்கள். விசைப்பலகையில் எஃப்-12 விசையை அழுத்துங்கள். ‘நெட்வொர்க்’ என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தை மீண்டும் ஏற்றி, பட்டியலின் முதல் வரியைச் சொடுக்குங்கள். ‘ரெஸ்பான்ஸ் ஹெடர்ஸ்’ என்ற தலைப்பின்கீழ் கண்டென்ட்-டைப் எங்கே இருக்கிறது? அதில் யூடிஎஃப்-8 இருக்கிறதா? எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ் இருக்கிறதா? அதே தளத்தின் ஒரு படத்தைச் சொடுக்கினால் எந்தெந்த வரிகள் காணாமல் போகின்றன? அந்தத் தளத்துக்கு எத்தனை கதவுகள் என்பதை அதை வைத்தே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.