கொதிநீர் கற்பிக்கும் பாடம்

பள்ளிக்கூடம் என்றவுடன் கரும்பலகையும் மணியோசையும் வரிசையாகப் போட்ட பெஞ்சுகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு குழந்தை பேசக் கற்றுக்கொள்வது பள்ளியில் அன்று, வீட்டில்தான். அப்படியானால் எண்ணும் எழுத்தும் அறிவியலும்கூட வீட்டிலேயே கற்க இயலுமா? இயலும் என்று நம்பிப் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் நம் நாட்டில் இருக்கின்றன. பைக்காராவில் வாழும் எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. இந்த அனுபவத்தில் தேர்ந்த சில பாடங்களையும், அவற்றின் பின்னே உள்ள அறிவியலையும், பெற்றோர் கவனிக்க வேண்டிய சில செய்திகளையும் இங்கே காண்போம். பள்ளிக்குச் செல்லும் மாணவர்களும் இச்சோதனைகளை விடுமுறை நாட்களில் செய்து பார்க்கலாம்.

பைக்காரா உதகமண்டலத்திலிருந்து கூடலூர் செல்லும் சாலையில், சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். முக்கூர்த்திச் சிகரப் பகுதியில் தோன்றும் பைக்காரா ஆறு இவ்வழியே பாய்கிறது. தோடர் மக்களுக்கு இது புனித ஆறு. மலையும் மழையும் ஆறும் மின்நிலையமும் ஒருங்கே அமைந்த இவ்விடத்தைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் வேறு வேண்டுமா?

அடுப்படியில் இயற்பியல்

சமவெளியிலிருந்து மலைக்குக் குடிவரும் இல்லத்தரசிகள் முதலில் சொல்லும் குறை, ‘பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது’ என்பதுதான். பழியைப் பருப்பின் மீதோ, தண்ணீரின் மீதோ போடுவது வழக்கம். உண்மைக் காரணம் நம் தலைக்கு மேலே உள்ள காற்று.

நீரைச் சூடாக்கும்போது அதன் ஆவியழுத்தம் உயர்ந்துகொண்டே போகிறது. அது சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போது நீரின் உள்ளிருந்தே குமிழிகள் எழுகின்றன. இதையே கொதித்தல் என்கிறோம். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மி.மீ. பாதரச உயரம், அங்கே நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. பைக்காராவில் காற்றழுத்தம் ஏறத்தாழ 600 மி.மீ. மட்டுமே. ஆகவே நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஏழு டிகிரி வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் வேதிமாற்றங்களின் வேகம் பொதுவாக 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ பாதியாகிவிடும். இக்கணக்குப்படி, கடற்கரை ஊரில் அரை மணியில் திறந்த பாத்திரத்தில் வேகும் பொருள் இங்கே முக்கால் மணி எடுத்துக்கொள்ளும்.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடமும் கிடைக்கிறது. நீர் கொதிக்கத் தொடங்கிய பின் அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் அதன் வெப்பநிலை ஏறாது. நீர் வேகமாக ஆவியாகும், அவ்வளவே. எனவே கொதி வந்தவுடன் தீயைக் குறைத்து மூடி போட்டு வேகவைத்தால் சமையல் தாமதமாகாது, எரிவாயு மிச்சமாகும். பருப்பையும் பயறையும் முன்கூட்டியே ஊறவைத்தால் நேரமும் குறையும்.

பிரஷர் குக்கர் இத்தொல்லையைத் தீர்த்துவிடுகிறதா? பெரும்பாலும் தீர்க்கிறது, முழுவதும் அன்று. குக்கரின் மேலுள்ள ‘வெயிட்’ உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் கட்டுப்படுத்துகிறது. வேறுபாடு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகிராம் ஆனதும் அது தூக்கிக்கொண்டு ஆவியை வெளியே விடுகிறது. வெளியழுத்தம் குறைவான மலையில் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தமும் குறைவுதான். கடல் மட்டத்தில் குக்கருக்குள் 121 டிகிரி; பைக்காராவிலோ ஏறத்தாழ 117 டிகிரி. ஆகவே இங்கே ஓரிரு விசில் கூடுதலாக விட வேண்டியிருக்கிறது.

இதைப் பிள்ளைகள் தாமே அளந்து பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பயன்படும், 110 டிகிரி வரை காட்டும் சிவப்புச் சாராய வெப்பமானி போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொதிநீரில் வைக்கவே கூடாது; அது உடைந்துவிடும். பாதரசம் நச்சுத்தன்மை உடையதாகையால் பாதரச வெப்பமானியை இவ்வேலைக்குத் தவிர்ப்பதே நலம். வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நீருக்குள் இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் நின்றாக வேண்டும்.

புட்டிக்குள் அடைத்த மலைக்காற்று

காற்றழுத்தம் கண்ணுக்குத் தெரியாதது. அதைக் காட்ட எளிய வழி ஒன்று உண்டு. இறுக்கமான மூடியுள்ள ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியை உட்புறம் நன்றாக உலர்த்தி, பைக்காராவில் மூடிக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிச் செல்லும்போது அதை உடன் எடுத்துச் செல்லுங்கள். அங்கே ஒரு வாளி நீருக்குள் புட்டியைத் தலைகீழாக அமிழ்த்தி மூடியைத் திறந்தால், நீர் தானாக உள்ளே பாய்வதைக் காணலாம்.

எவ்வளவு நீர் புகும்? மேட்டுப்பாளையத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 730 மி.மீ. 600 மி.மீ. அழுத்தத்தில் ஒரு லிட்டராக இருந்த காற்று, பாயில் விதிப்படி 820 மி.லி. அளவுக்குச் சுருங்கும், எனவே 180 மி.லி. நீர் புக வேண்டும். ஆனால் புகுந்த நீரை அளந்தால் இதைவிடக் குறைவாகவே இருக்கும். விதி பொய்த்துவிட்டதா? இல்லை. மலையில் 15 டிகிரியில் அடைத்த காற்று சமவெளியில் 30 டிகிரிக்குச் சூடாகி, சிறிது விரிந்திருக்கிறது. சார்லஸ் விதியையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை 130 மி.லி.யை ஒட்டி வரும். எதிர்பார்த்த விடைக்கும் அளந்த விடைக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்வதே அறிவியலின் உயிர்நாடி. ‘தப்பு’ என்று சிவப்பு மையால் அடித்துவிட்டு நகர்ந்தால் இப்பாடம் கிடைக்காது.

கண்ணாடிப் புட்டி இல்லையென்றால் பிளாஸ்டிக் புட்டியே போதும். மலையில் மூடிய புட்டி அடிவாரத்தில் நசுங்கிக் கிடப்பதைச் சிறு குழந்தையும் கண்டு வியக்கும். சமவெளியில் வாங்கிய வறுவல் பாக்கெட்டு மலையேறும்போது உப்பிவிடுவதும், மலைப்பாதை வளைவுகளில் காது அடைப்பதும் இதே காரணத்தால்தான்.

மழைத்துளியிலிருந்து மின்விளக்கு வரை

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நீலகிரியின் மேற்குப் பகுதியில் மழை விடாமல் பெய்யும். வெளியே விளையாட முடியாத அந்நாட்களுக்கு ஏற்றது மழைமானி. அடி முதல் வாய் வரை அகலம் மாறாத ஒரு தகர டப்பாவை, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் சாயாமல் நிறுத்துங்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு உள்ளே தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து குறித்துவிட்டு, நீரைக் கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையினரும் இதே நேரத்தில்தான் அளக்கிறார்கள்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அதாவது, ஒரு சாப்பாட்டு மேசையளவு இடத்தில் 800 லிட்டர்! மண்சரிவு ஏன் நிகழ்கிறது என்பது இக்கணக்கைப் போட்ட பிள்ளைக்குத் தெளிவாகப் புரியும்.

இனி அந்த நீர் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். பைக்காரா நீரைக் கிளன்மார்கனிலிருந்து குழாய்கள் வழியே 3,000 அடிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 940 மீட்டர், கீழே இறக்கிச் சிங்காராவில் மின்சாரம் எடுக்கும் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. கோயம்புத்தூரின் பஞ்சாலைகளும் கொங்கு நாட்டுக் கிணறுகளின் மின்மோட்டார்களும் பெருகியதற்கு இம்மின்சாரம் பெருந்துணையாயிற்று. 2005-இல் 150 மெகாவாட் திறனுள்ள புதிய நிலையமும் இதனுடன் சேர்ந்தது.

ஒரு லிட்டர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். அது 940 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 1 × 9.8 × 940, அதாவது சுமார் 9,200 ஜூல். குழாயிலும் சுழலியிலும் மின்னாக்கியிலும் சிறிது வீணாவது போக 8,000 ஜூல் மின்சாரமாகிறது என்று கொள்வோம். ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு ஒரு நொடியில் ஒன்பது ஜூல் செலவழிக்கிறது. எனவே ஒரு லிட்டர் நீர் அவ்விளக்கைக் கால் மணி நேரம் எரிக்கும். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். அதற்கு 450 லிட்டர் நீர் தேவை. வீட்டு மின்கணக்கு அட்டையிலுள்ள யூனிட்டுகளை 450-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைக்கச் சொல்லிப் பிறகு அதட்ட வேண்டியதில்லை.

உயிர் காக்கும் பாடம்

டிசம்பர், சனவரி மாதங்களில் நீலகிரியில் உறைபனி விழும். குளிருக்கு அஞ்சிக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு, சன்னல்களைச் சாத்திக்கொண்டு உறங்குவோர் உண்டு. உறக்கத்திலேயே அவர்கள் உயிரிழந்த துயரங்கள் இம்மாவட்டத்தில் பலமுறை நிகழ்ந்துள்ளன. வீட்டில் கற்பிக்கும் அறிவியலில் இதைவிட முக்கியமான பாடம் வேறில்லை.

கரி நிறைந்த காற்றில் எரிந்தால் கார்பன்-டை-ஆக்சைடு உண்டாகிறது. காற்று போதாதபோது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையும் கரிக்காது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினுடன் இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைந்துகொள்கிறது. உடல் உறுப்புகள் ஆக்சிஜன் இன்றித் தவிக்கின்றன. தலைவலி, மயக்கம், குமட்டல், தூக்கக் கலக்கம் ஆகியவை அறிகுறிகள். உறங்குபவருக்கு இவையும் தெரியாமல் போகின்றன.

‘புகை அடங்கிய தணல்தானே’ என்று எண்ணுவது பெருந்தவறு. புகையில்லாத தணலும் இவ்வாயுவை வெளிவிடும். அறையில் ஒரு பாத்திரத்தில் நீர் வைத்தால் போதும் என்ற நம்பிக்கையும் பிழையானது. இவ்வாயு நீரில் மிகச் சிறிதளவே கரையும். காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவியை இயக்கினாலும் இதே ஆபத்து உண்டு. எனவே, கணப்பை உறங்குமுன் வெளியே வைத்துவிட வேண்டும். யாரேனும் மயங்கிக் கிடந்தால் உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழைக்க வேண்டும். இதைப் பத்து வயதுப் பிள்ளையும் சொல்லும் அளவுக்குப் பழக்கிவிடுங்கள்.

ஒழுங்கும் தேர்வும்

இவ்வளவு படித்தபின் வீட்டுக்கல்வி எளிது என்று எண்ணிவிடக் கூடாது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் தம் புதல்வர்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பித்தார். 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமக்குத் தெரிந்த சிறிதளவு தமிழையும் சொல்லிக்கொடுத்தார். ஆயினும் போதிய பள்ளிக்கல்வி கிடைக்கவில்லையே என்ற மனக்குறை அவர் புதல்வர்களுக்கு இருந்தது. நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஒழுங்காக ஒதுக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற கருத்தைச் சத்திய சோதனையில் அவரே பதிவு செய்திருக்கிறார். அப்பெருமகனாருக்கே நேர்ந்த இடர் நமக்கும் நேரலாம்.

ஆகவே மூன்று செய்திகளைப் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, நேரம். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் நாள் தவறாமல் குறித்த நேரம் வேண்டும். சோதனைகளுக்கு ஒரு குறிப்பேடு வேண்டும். தேதி, அளந்தது, எண்ணியது மூன்றையும் அதில் பிள்ளையே எழுத வேண்டும்.

இரண்டாவது, தோழமை. மலையில் வீடுகள் எட்ட எட்ட உள்ளன. பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளுடன் கூடி விளையாடவும், வாக்குவாதம் செய்யவும், விட்டுக்கொடுக்கவும் வாரத்தில் சில நாட்களேனும் வாய்ப்புத் தர வேண்டும். நூலகமும் விளையாட்டுத் திடலும் இதற்கு உதவும்.

மூன்றாவது, சான்றிதழ். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை வகுத்துள்ளது; பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாகவும் கூறுகிறது. வீட்டுக்கல்விக்கென அதில் தனிவிதி ஏதும் இல்லை. இதை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். 1989-இல் தோன்றிய தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கழகத்தின் வழியாக 14 வயது நிறைந்தோர் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்கு எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வுகளை நடத்துகிறது. பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சியில் முன்னதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இறுதி நாள் கடந்தால் காத்திருக்க நேரிடும். எனவே அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள்.

பள்ளியானாலும் வீடானாலும், கற்பது கேள்வியில் தொடங்குகிறது. ‘ஏன் இன்னும் பருப்பு வேகவில்லை?’ என்ற கேள்வி காற்றழுத்தத்துக்கும், ‘விளக்கு எப்படி எரிகிறது?’ என்ற கேள்வி மலைமழைக்கும் நம்மை அழைத்துச் சென்றது. உங்கள் ஊரில் நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது? இன்றே அளந்து பாருங்கள். பிறகு உங்கள் ஊரின் உயரத்தைக் கணக்கிட்டு, வரைபடத்துடன் ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.