பெற்றோருக்கு முதியோர் இல்லம்: சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

முதியோர் இல்லம் என்ற பேச்சை நம் வீடுகளில் எடுக்கவே தயங்குகிறோம். பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அல்இஸ்ரா அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்கள், முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பான ஒரு சொல்லைக்கூடச் சொல்லக் கூடாது என்கின்றன. ஆனால் பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்க, உம்மா மட்டும் தனியாக வாழும் வீடுகள் நம் மஹல்லாக்களில் உண்டு. மறதி நோய் வந்த வாப்பாவை இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துத் தளர்ந்துபோன குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளே இல்லாத பெரியவர்களும் உண்டு.

"ஊர் என்ன சொல்லும்" என்ற வெட்கத்தில் கடைசி நாள் வரை இதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறோம். பிறகு மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் என்றதும், போனில் மட்டும் விசாரித்துவிட்டு, முன்பின் பார்க்காத இடத்தில் அவசரமாகக் கொண்டுபோய் விடுகிறோம். உறவினர்களிடம் மறைக்கிறோம். மறைத்துச் சேர்த்த இடத்திற்கு யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அங்கே பெரியவருக்கு ஒரு குறை என்றால் கேட்க ஆளும் இல்லை. பாதிக்கப்படுவது அவர்தான். ஆகவே இதை நேரத்தோடு, வெளிப்படையாக, அவரையும் வைத்துக்கொண்டே பேசி முடிவு செய்வது நல்லது.

தேவையை முதலில் கணக்கிடுங்கள்

குளிப்பது, உடை மாற்றுவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. இந்த ஆறு வேலைகளில் எதை அவரால் தனியாகச் செய்ய முடிகிறது, எதற்குத் துணை வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையை நேரத்திற்குத் தானே எடுக்கிறாரா, இரவில் எத்தனை முறை எழுகிறார், வெளியே போனால் வழி தெரிகிறதா என்பதையும் சேருங்கள்.

எழுதிப் பார்த்தால் சில வீடுகளில் இல்லமே தேவைப்படாது. பகலில் ஒரு உதவியாளர், குளியலறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை, உறவினர்கள் முறை வைத்து இரவு தங்குவது ஆகியவையே போதுமானதாக இருக்கும். தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. முதலில் இவற்றை முயன்று பாருங்கள்.

எந்த வகை இல்லம்?

எல்லா இல்லங்களும் ஒன்றல்ல. பல இலவச இல்லங்கள், தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் பெரியவர்களை மட்டுமே சேர்க்கின்றன. கட்டணம் வாங்கும் பராமரிப்பு இல்லங்களில் குளிக்க, உடுத்த, மருந்து சாப்பிட உதவியாளர்கள் இருப்பார்கள். படுக்கையில் இருப்பவருக்கும், மூக்குக் குழாயில் உணவு கொடுக்க வேண்டியவருக்கும் நர்ஸ்கள் எந்நேரமும் இருக்கும் இடம் வேண்டும். மறதி நோய் உள்ளவருக்கு, அவர் தெரியாமல் வெளியேறிவிடாதபடி வாசல் கவனிக்கப்படும் இடம் வேண்டும்.

இன்று நடமாடுபவர் நாளை படுத்துவிடலாம். "அப்படி ஆனால் இங்கேயே வைத்துக்கொள்வீர்களா, அழைத்துப் போகச் சொல்வீர்களா?" என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். கேட்காமல் சேர்த்தவர்களுக்கு, பெரியவர் மிக நலிந்திருக்கும் நேரத்தில் வேறு இடம் தேடும் நிலை வந்துவிடும்.

நேரில் பார்க்கும்போது

வரவேற்பறையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு முறை சொல்லிவிட்டுப் போங்கள். இன்னொரு முறை சொல்லாமல், மாலை வேளையில் போங்கள். மறதி நோய் உள்ளவர்களுக்குக் குழப்பமும் பதற்றமும் மாலையில்தான் அதிகமாகும். அந்த நேரத்தில் பணியாளர்கள் அவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள்.

இரவில் எத்தனை பணியாளர்கள், எத்தனை பெரியவர்களுக்கு? இரவு 2 மணிக்கு அழைத்தால் வருவது யார்? கட்டிலுக்கு அருகில் அழைப்பு மணி இருக்கிறதா, அடித்தால் வருகிறார்களா? கழிப்பறையில் பிடிமானம் இருக்கிறதா? அவசரத்திற்கு எந்த மருத்துவமனை, எவ்வளவு தூரம்? அங்கே இருக்கும் பெரியவர்களின் நகம், உடை, படுக்கை விரிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணி நேரத்திற்கு ஒரு முறையாவது திருப்பிப் படுக்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். முடிந்தால் அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள்.

மார்க்கத்தோடு வாழ முடியுமா?

உம்மாவைக் குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் பெண் பணியாளர்தானா, இரவிலும் அப்படியா? இதை முதலில் கேளுங்கள். ஒளு செய்ய உட்கார்ந்து கால் கழுவும் வசதி, தொழச் சுத்தமான இடம், கிப்லா திசை, வக்து வந்ததை நினைவூட்ட ஆள் ஆகியவை வேண்டும். தண்ணீர் உடம்புக்கு ஆகாதவருக்குத் தயம்மும் உண்டு. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம். சிறுநீர்க் குழாய் பொருத்தியவரின் தொழுகை பற்றி ஆலிமிடம் கேட்டு, பெரியவருக்கும் பணியாளருக்கும் விளக்கிவிடுங்கள். தெரியாததால் தொழுகையையே விட்டுவிட்டு மனம் வாடும் பெரியவர்கள் உண்டு.

உணவு ஹலாலா, இறைச்சி எங்கே வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். ரமளானில் ஸஹர் நேரத்தில் சமையலறை திறக்குமா? இன்சுலின் போடுபவர் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்கக் கூடாது. குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயாளிகள் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா கொடுக்கலாம். பேசும் மொழியும் முக்கியம். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து உருதுப் பேச்சுக்காரர்கள் மறதி நோய் முற்றும்போது தாய்மொழியில் மட்டுமே பேசத் தொடங்கலாம். அது புரிந்த ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்.

சொல்லத் தயங்கினாலும் எழுதிக் கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு. மவ்த் ஏற்பட்டால் முதலில் யாருக்குத் தகவல், எந்த ஜமாஅத், குளிப்பாட்டுவதும் ஜனாஸாத் தொழுகையும் அடக்கமும் எங்கே என்பதைப் பெரியவரின் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். அவர் வேறு ஊரில் இருந்தாலும் நம் ஜமாஅத் சந்தாவை நிறுத்த வேண்டாம்.

பணமும் சட்டமும்

மாதக் கட்டணத்தில் எது சேரும், எது தனி என்று எழுத்தில் வாங்குங்கள். டயப்பர், மருந்து, தனி உதவியாளர், ஆம்புலன்ஸ் ஆகியவை பெரும்பாலும் தனிக் கணக்கு. முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்பும்? இல்லம் பதிவு பெற்றதா என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பெற்றோருக்கான கட்டணத்தை நம் ஜகாத்திலிருந்து கழிக்க முடியாது. அவர்களுக்குச் செலவு செய்வது நம் மீதே கடமை. ஆதரவற்ற ஏழைப் பெரியவர் ஒருவரின் கட்டணத்திற்கு ஜகாத் கொடுக்கலாம்.

பெரியவர்களுக்கு ஒரு சொல்: "பார்த்துக்கொள்கிறோம்" என்ற பேச்சை மட்டும் நம்பி வீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுப்பதானால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யத் தீர்ப்பாயத்தை நாடலாம். உதவிக்கு, மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண் உள்ளது.

சேர்த்த பிறகு

முதலில் ஒரு மாதம் தங்கிப் பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்று அவரிடமே சொல்லுங்கள். அவருடைய முஸல்லா, தஸ்பீஹ், பழகிய போர்வை ஆகியவை கூடப் போகட்டும். முதல் வாரங்களில் அடிக்கடி போய்ப் பாருங்கள். அதன் பிறகு யார், எந்தக் கிழமை போவது என்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முறை வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் தினமும் ஒரு நேரம் வைத்துப் போன் செய்யட்டும். பெருநாளுக்கு வீட்டுக்கு அழைத்து வாருங்கள். அடிக்கடி ஆள் வந்து போகும் பெரியவரை இல்லத்தாரும் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள்.

கட்டணம் கட்டியதோடு நம் கடமை முடிவதில்லை. நம் பெற்றோரின் கடைசிக் காலம் கண்ணியத்தோடும் ஈமானோடும் கழிய அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.