கடலை மறவாத தந்தை

1972 ஆம் ஆண்டு யூன் மாதம் 17 ஆந் திகதி இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள பிளிமத் துறைமுகத்திலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பாய்ப்படகுகள் அமெரிக்காவை நோக்கிப் புறப்பட்டன. ஒரு படகில் ஒருவரே செல்லலாம். துணைக்கு எவரையும் ஏற்றுதல் கூடாது. அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தன்னந்தனியே கடத்தல் வேண்டும் என்பதே அப்போட்டியின் விதி. புறப்பட்டோருள் மூக்குக் கண்ணாடி அணிந்த, மெலிந்த தேகமுடைய எழுபது வயது முதியவர் ஒருவரும் இருந்தார். அவருடைய முள்ளந்தண்டின் அடியிலே புற்றுநோய் வேரூன்றியிருந்தது. வலி தணிக்கும் மருந்துகளையும் உடன் எடுத்துக்கொண்டே அவர் பாயை விரித்தார்.

அவர்தாம் சேர் பிரான்சிஸ் சிச்செஸ்ரர். உலகைத் தனியொருவராய்ப் பாய்ப்படகிற் சுற்றிவந்தவர் எனப் பலரும் அவரை அறிவர். நாம் இங்கே பேசவிழைவது அவருடைய வீரத்தைப் பற்றியன்று; நோயுற்ற ஒரு தந்தையின் கடற்காதலையும், அதனை அவர் குடும்பத்தார் ஏற்றுக்கொண்ட விதத்தையும் பற்றியே. அத்தகைய நிலையிலுள்ள தந்தையைக் கடலுக்கு அனுப்புவார் உண்டோ? நம் வீடுகளிலென்றால், "அப்பு, பேசாமல் படுத்திருங்கோ" என்று கூறிக் கதவையும் சாத்தியிருப்போம். அவ்வாறு கூறுவதும் அன்பினாலேதான்.

சிச்செஸ்ரர் 1901 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெவன் பகுதியிலே ஒரு பாதிரியாரின் மைந்தராகப் பிறந்தார். பதினெட்டு வயதிற் பத்துப் பவுணுடன் நியூசிலாந்துக்குச் சென்று, மரவியாபாரத்திலும் காணி வியாபாரத்திலும் பெரும் பொருள் ஈட்டினார். முதலில் அவரைக் கவர்ந்தது கடலன்று, வானம். "ஜிப்சி மொத்" என்னும் சிறிய விமானத்திலே இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்தார். 1931 இல் அதே விமானத்திற்கு மிதவைகளைப் பூட்டி நியூசிலாந்திலிருந்து தஸ்மன் கடலைக் கடந்தார். இடைவழியில் லோட் ஹோவ் தீவிலே விமானம் புயலால் நீரில் மூழ்கிச் சிதைந்தது. தீவுவாசிகளின் உதவியுடன் அதனைத் தம் கைகளாலேயே மீண்டும் கட்டியெழுப்பிப் பறந்தார் அம்மனிதர். அதே ஆண்டில் யப்பானிலே கம்பிகளில் மோதி விழுந்து உயிர் தப்பினார். பின்னர் இங்கிலாந்தில் ஷீலா என்னும் பெண்மணியை மணந்து, யுத்தத்தின் பின் லண்டனிலே தேசப்படங்கள் அச்சிட்டு விற்கும் தொழிலை நடத்தினார். 1946 இல் ஜைல்ஸ் என்னும் மகன் பிறந்தான்.

ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அவர் பாய்ப்படகுக்கு வந்தார். படகுகளுக்கும் ஜிப்சி மொத் என்ற பழைய பெயரையே ஒன்றன்பின் ஒன்றாகச் சூட்டினார்.

1958 இல் வந்தது இடி. சுவாசப்பையிற் புற்றுநோய் எனவும், சத்திர சிகிச்சை செய்தல் வேண்டும் எனவும் வைத்தியர்கள் கூறினர். ஷீலா அம்மையார் அதற்கு இணங்கவில்லை. கணவரின் உடல் அச்சிகிச்சையைத் தாங்காது என அவர் நம்பினார். தாவர உணவு, ஓய்வு, தென் பிரான்சிலுள்ள வான்ஸ் என்னும் ஊரின் வெயில், அவ்வூர் வைத்தியர் ஒருவரின் பராமரிப்பு ஆகியவற்றின் துணையால் நோயாளி மெல்ல மெல்லத் தேறினார். இங்கே வாசகர்க்கு ஒன்றை வற்புறுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அந்நோய் உண்மையிற் புற்றுநோய்தானா, சுவாசப்பையில் உண்டான வேறொரு கட்டியா என்ற ஐயம் பிற்காலத்தில் எழுந்தது. மரக்கறி உணவு புற்றுநோயைத் தீர்க்கும் என்பதற்கு இக்கதையைச் சான்றாகக் கொள்ளுதல் ஆகாது. வைத்தியர் விதிக்கும் சிகிச்சையை ஒதுக்கிவிட்டுப் பத்தியத்தை மட்டும் நம்பி உயிரிழந்தோர் எத்தனையோ பேர்.

அந்நோய்க் காலத்தையொட்டியே அயர்லாந்தின் ஆர்க்லோ என்னும் ஊரில் அவருக்காக மூன்றாவது ஜிப்சி மொத் கட்டப்பட்டு, 1959 இல் நீரில் இறக்கப்பட்டது. படுக்கையிற் கிடப்பவனுக்கு எங்கோ ஒரு பட்டறையிலே தன் படகின் பலகைகள் பொருத்தப்படுகின்றன என்ற நினைவு எத்தகைய மருந்தாய் இருந்திருக்கும்! நோயாளி என்ற பெயரைத் தவிர வேறொரு பெயரும் தனக்குண்டு என்பதை அது அவனுக்கு நினைவூட்டியிருக்குமன்றோ?

தேறி எழுந்தவர் 1960 இல், அத்திலாந்திக்கைத் தனியே கடக்கும் முதலாவது போட்டியிற் கலந்துகொண்டார். போட்டியிட்டோர் ஐவர். சிச்செஸ்ரர் நாற்பது நாட்களில் நியூயோர்க்கை அடைந்து முதலாவதாக வந்தார். காற்றின் திசைக்கேற்பத் தானே சுக்கானைத் திருப்பும் ஒரு பொறியைப் பூட்டி, அதற்கு "மிராண்டா" எனப் பெண்பெயர் சூட்டியிருந்தார். தனிமையிலே பேச்சுத் துணை வேண்டுமல்லவா? திரும்பும்போது ஷீலா அம்மையாரும் அப்படகிலேறிக் கணவருடன் சமுத்திரத்தைக் கடந்தார். கணவரின் ஆசையைக் கரையில் நின்று பொறுத்துக்கொண்டவர் மட்டுமல்லர் அவர் என்பது இதனாற் புலனாகும்.

உலகப் பயணத்தைச் சுருங்கச் சொல்வோம். 1966 ஓகஸ்ட் 27 ஆந் திகதி நான்காவது ஜிப்சி மொத்தில் பிளிமத்தை விட்டவர் 107 நாட்களிற் சிட்னியை அடைந்தார். மனைவியும் மகனும் அங்கே அவரை எதிர்கொண்டனர். மெலிந்து களைத்திருந்த அவரை மேலே செல்லவேண்டாமென அனுபவமிக்க மாலுமிகள் சிலர் பகிரங்கமாகவே கேட்டுக்கொண்டனர். ஷீலா தடுக்கவில்லை. 1967 சனவரி இறுதியிற் புறப்பட்ட மறுநாளிரவே தஸ்மன் கடலிற் படகு குடைசாய்ந்து நிமிர்ந்தது. ஆயினும் திரும்பாது, ஹோண் முனையைச் சுற்றி, மே 28 ஆந் திகதி பிளிமத் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 65. யூலையிற் கிறினிச் என்னுமிடத்தில், முதலாம் எலிசபெத் இராணியார் டிரேக் என்னும் கடலோடிக்குப் பட்டம் சூட்டிய அதே வாளினால், இரண்டாம் எலிசபெத் மகாராணியார் அவருக்குப் பட்டஞ் சூட்டினார்.

அதனோடு அமைந்துவிட்டாரா? இல்லை. ஐந்தாவது ஜிப்சி மொத்தைக் கட்டுவித்து, 1971 இல் ஆபிரிக்காவின் பிசாவு துறையிலிருந்து நிக்கராகுவா வரையுள்ள நாலாயிரம் மைலை இருபது நாட்களிற் கடக்க முயன்றார். இரண்டு நாட்கள் வரை பிந்திவிட்டன. அதன் பின்னரே நோய் அவரை மீண்டும் பற்றியது. இம்முறை ஐயத்துக்கு இடமிருக்கவில்லை.

இனி, தொடக்கத்திற் கூறிய அந்த யூன் மாதத்திற்கு வருவோம். நாட்கள் செல்லச் செல்ல அவருடைய பலம் குன்றிற்று. பாயை இழுக்கவும் சுருட்டவும் முடியாத நிலையில் அவர் போட்டியைக் கைவிட்டு, படகின் முகத்தை இங்கிலாந்தை நோக்கித் திருப்பினார். அவ்வாறு திருப்புவதற்கு, ஹோண் முனையைச் சுற்றுவதிலும் அதிகமான மனத்துணிவு வேண்டியிருந்திருக்கும் என்றே நாம் கருதுகின்றோம். அவருடைய நிலையை அறிய நெருங்கிவந்த பிரெஞ்சு வானிலைக் கப்பலொன்று படகில் உரசியதனாற் பின்பாய்மரம் சேதமுற்றது. உதவி செய்ய வந்தோரால் இடர் விளைவது கடலிலும் உண்டு போலும்.

பின்னர் பிரித்தானியக் கடற்படையினர் ஜைல்ஸை நடுக்கடலுக்குக் கொண்டுசென்று அப்படகில் ஏற்றினர். மாலுமிகள் சிலரும் உடன் ஏறினர். அப்போது மகனுக்கு வயது இருபத்தைந்து. தனியொருவருக்கென்றே கட்டப்பட்ட படகிலே, தந்தை கீழே படுக்கையிற் கிடக்க, மகனும் மாலுமிகளும் மேல்தளத்தில் நின்று பாய்களைக் கவனித்தனர். ஆயுள் முழுவதும் பிறர் கையிற் சுக்கானைக் கொடுக்க விரும்பாத மனிதர், படகின் அசைவைக்கொண்டே காற்று எப்பக்கம் என அறியவல்லவர், அந்நாட்களிற் படுத்தபடியே எதனைக் கேட்டுக்கொண்டிருந்தாரோ! படகைக் கைவிடாமலே பிளிமத்தை அடைந்தனர்.

அவ்வூர் வைத்தியசாலையில் 1972 ஓகஸ்ட் 26 ஆந் திகதி சிச்செஸ்ரர் காலமானார். உலகைச் சுற்றப் புறப்பட்ட ஆறாம் ஆண்டு நிறைவுக்கு ஒரு நாளே எஞ்சியிருந்தது. குழந்தைப் பருவத்தைக் கழித்த டெவனின் ஷேர்வெல் கிராமத் தேவாலயத்திலே அவரை அடக்கஞ் செய்தனர்.

அனுப்பியது சரியா, தவறா? அனுப்பியிராவிடின் இன்னுஞ் சில வாரங்கள் வாழ்ந்திருப்பாரோ என்று கேட்போரும் உளர். வைத்தியசாலைக் கட்டிலுக்கு அருகிலிருந்து தந்தையையோ தாயையோ பார்த்தவர்கள் இக்கேள்விக்கு எளிதில் விடை கூறமாட்டார்கள். ஷீலா அம்மையார் தம் வாழ்நாளில் இருமுறை அக்கேள்வியை எதிர்கொண்டார். இருமுறையும் நோயை நோக்காது மனிதனையே நோக்கினார்.

தந்தையின் ஐந்தாவது படகு 1982 இல் வேறொரு மாலுமியின் கையில், உலகைச் சுற்றும் போட்டியொன்றின்போது அவுஸ்திரேலியாவின் காபோ தீவிலே மோதிச் சிதைந்தது. நான்காவது படகு கிறினிச்சிலே காட்சிப்பொருளாகப் பல்லாண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்று உளுத்தது. பின்னர் அதனைச் செப்பனிட்டு 2005 இல் மீண்டும் கடலில் இறக்கினர். இளைஞர்கள் மாறிமாறி ஏறி ஓட்ட, அது இரண்டாவது முறை உலகைச் சுற்றி, 2007 மே 28 ஆந் திகதி, அதாவது சிச்செஸ்ரர் திரும்பிவந்து சரியாக நாற்பது ஆண்டுகள் நிறைந்த அன்று, பிளிமத் துறைக்குள் நுழைந்தது.