பிடிஎஃப் கோப்பின் தொடக்கக் காட்சி

ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறந்தவுடன் எந்தப் பக்கம், எந்த அளவில், எந்த வரிசையமைப்பில் திரையில் தோன்ற வேண்டும் என்பதைக் குறிக்கும் அமைப்பு தொடக்கக் காட்சி எனப்படும். இது கோப்புக்குள்ளேயே பதியப்படுகிறது. எனவே கோப்பு யாரிடம் சென்றாலும் இவ்வமைப்பும் உடன் செல்லும்.

அமைப்பு

அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட பிடிஎஃப் வடிவம், 2008இல் ஐஎஸ்ஓ 32000-1 என்னும் பன்னாட்டுத் தரநிலையானது. அதன்படி ஒவ்வொரு கோப்பிலும் 'கேட்டலாக்' என்ற தலைமைப் பதிவு உண்டு. தொடக்கக் காட்சியை அதிலுள்ள நான்கு உள்ளீடுகள் முடிவு செய்கின்றன.

• பேஜ் லேஅவுட்: ஒற்றைப் பக்கமா, தொடர்ந்து உருளும் பக்கங்களா, இரண்டிரண்டு பக்கங்களா என்பது.
• பேஜ் மோட்: பக்கவாட்டில் பொருளடக்கமோ சிறு பக்கப் படங்களோ தெரிய வேண்டுமா என்பது.
• ஓப்பன் ஆக்‌ஷன்: முதலில் தோன்றும் பக்கமும் அதன் உருப்பெருக்க அளவும்.
• வியூவர் பிரிஃபரன்சஸ்: சாளரத்தின் தலைப்பு போன்ற பிற விருப்பங்கள்.

இவை எதுவும் கட்டாயமில்லை. இல்லாதபோது முதல் பக்கம் திறக்கும். உருப்பெருக்க அளவைப் படிப்பான் மென்பொருளே முடிவு செய்யும்.

இருபக்க அமைப்பில் கவனம் தேவை. அச்சு நூல்களில் ஒற்றைப்படைப் பக்கங்கள் வலப்புறம் வரும். கோப்பில் அவை இடப்புறம் வருமாறு அமைத்தால், 2, 3ஆம் பக்கங்களில் விரிந்து கிடக்கும் வரைபடம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

கண்டறிதல்

அக்ரோபாட் மென்பொருளில் கண்ட்ரோல், டி விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கோப்பின் பண்புகள் திறக்கும். அங்கு 'இனிஷியல் வியூ' தாவலில் அமைப்பைப் பார்த்து மாற்றலாம். லிப்ரே ஆபிஸில் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும்போதே இதே பெயருள்ள தாவல் கிடைக்கும்.

உரைத் திருத்தியில் கோப்பைத் திறந்து தேடினால் சில நேரம் எதுவும் அகப்படாது. பிடிஎஃப் 1.5 பதிப்பு முதல் இப்பதிவுகளைச் சுருக்கி வைக்க முடியும் என்பதே காரணம். கியூபிடிஎஃப் என்ற இலவசக் கருவியின் 'கியூடிஎஃப்' முறையால் கோப்பை விரித்து எழுதினால் உள்ளீடுகளைப் படிக்கலாம்.

தானியக்கம்

நூறு பாடங்கள் நூறு கோப்புகளாக இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றுவது இயலாத வேலை. அக்ரோபாட் புரோவின் 'ஆக்‌ஷன் விசார்டு' வழியாக ஒரு தொகுதி கோப்புகளுக்கு ஒரே அமைப்பைத் தரலாம். பைத்தான் மொழியில் பைபிடிஎஃப், பைக்பிடிஎஃப் ஆகிய இலவச நிரல் தொகுப்புகள் உள்ளன. நிரலின் வரிசை இதுதான்: கோப்புறையிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் திற, கேட்டலாக்கில் வேண்டிய மதிப்பை எழுது, வேறொரு கோப்புறையில் சேமி. இத்தொகுப்புகளில் பக்க எண்ணிக்கை 0இல் தொடங்குவதால், ஐந்தாம் பக்கத்தைக் குறிக்க 4 என்று எழுத வேண்டும்.

லாடெக்கில் எழுதுவோர் ஹைப்பர்ரெஃப் தொகுப்பின் மூலம் ஆவணத்திலேயே இதை அமைத்துவிடலாம்.

கவனிக்க வேண்டியவை

• டிஜிட்டல் கையொப்பமிட்ட கோப்பை இவ்வாறு மாற்றி எழுதினால் கையொப்பம் செல்லாததாகிவிடும். சான்றிதழ்களில் இதைச் செய்யக்கூடாது.
• ஓப்பன் ஆக்‌ஷன் ஜாவாஸ்கிரிப்ட் நிரலையும் இயக்கவல்லது. தீங்கான கோப்புகள் இவ்வழியைப் பயன்படுத்துவதுண்டு. அறியாத இடத்திலிருந்து வந்த கோப்பில் இதைச் சோதிப்பது நல்லது.
• பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான், சாளரத் தலைப்பை வாசிக்கும். கோப்பின் பண்புகளில் தலைப்பை நிரப்பி, அதையே காட்டுமாறு அமைத்தால் 'ஸ்கேன்0012' என்ற கோப்புப் பெயருக்குப் பதில் நூலின் பெயர் கேட்கும். அணுகல்தன்மைக்கான பிடிஎஃப்/யுஏ தரநிலை இதைக் கட்டாயமாக்குகிறது.
• எல்லாப் படிப்பான்களும் இவ்வமைப்பை முழுமையாகப் பின்பற்றுவதில்லை. கடைசியாகப் படித்த இடத்திலேயே திறக்குமாறு வாசகர் தம் மென்பொருளில் அமைத்திருந்தால் அதுவே செல்லும். ஆகவே 'முதலில் 12ஆம் பக்கம் திறக்கும்' என்பதை நம்பாமல், பொருளடக்கத்தில் இணைப்புகளையும் தருவது பாதுகாப்பானது.